கவிழ்ந்த கும்பாவை யார் நிமிர்த்துவது?

எங்கள் பக்கத்தில் கிண்ணம் என்றால் பாயசம் ஊற்றித் தருகிற சின்ன எவர்சில்வர் சாமான். வயிறு நிறையக் கஞ்சி குடிக்கிற ஏனத்துக்குப் பேர் கும்பா. தேனியிலிருந்து கம்பம் போகிற பெரிய ரோட்டை விட்டு மேற்கே திரும்பி, மலையடிவாரத்தை ஒட்டித் தேவாரம், பண்ணைப்புரம், பொட்டிப்புரம் என்று போய்ப் பாருங்கள். அங்கே பழைய வீடுகளின் பரணில் இன்னும் ஒன்றிரண்டு வெண்கலக் கும்பா கிடக்கும். அகன்ற வாய், கையில் எடுத்தால் நல்ல கனம். கம்பங்கஞ்சியைக் கரைத்து மோர் விட்டு, ஒரு கையால் கும்பாவைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். கல்யாணச் சீரில் கும்பா இல்லாமல் இருக்காது. எவர்சில்வர் வந்தபின் வெண்கலம் பழைய ஏனக்காரர் தராசுக்குப் போய்விட்டது. பேர் மட்டும் தப்பித்து, எவர்சில்வர் கும்பா, பிளாஸ்டிக் கும்பா என்று நடமாடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கும்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. கும்பாவில் ஆரம்பித்தால் மண்டை, ஓடு, சட்டி, சிரட்டை, தட்டு, தூக்கு என்று எல்லாம் பின்னாலேயே வரிசை கட்டி வந்து நிற்கின்றன. எல்லாமே குழிவான ஒரு பண்டம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறொரு மனிதர் நிற்கிறார், வேறொரு பசி நிற்கிறது.

பொட்டிப்புரத்தில் எனக்கு ஒரு அத்தை இருக்கிறார். அவர் வீட்டில் ராத்திரி ஏனமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார். சோற்றுப் பானையை மட்டும் கவிழ்க்க விடமாட்டார். "ஒரு கை சோறாச்சும் தண்ணி ஊத்திக் கெடக்கணும்ப்பா. வெறும் பானையக் கவுத்திட்டுப் படுத்தா வீட்டுக்கு ஆகாது" என்பார். இந்த வழக்கம் அவர் வீட்டோடு நிற்பதில்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. பானை கவிழ்ந்தால் வீடு வற்றிப்போனது என்று அர்த்தம். ஒரு ஏனம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் சேதி. மேலே பார்த்தால் ஏதோ வருகிறது, அல்லது வரும் என்று யாரோ நம்புகிறார். கீழே பார்த்தால் ஒன்றும் இல்லை.

அத்தையின் இந்தக் கவலைக்கு இரண்டாயிரம் வருஷத்துச் சாட்சி உண்டு. புறநானூற்றின் 103ஆம் பாட்டு ஔவையார் பாடியது. காட்டு வழியில் ஆடிப் பாடிப் பிழைக்கிற ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். காவடியின் ஒரு பக்கம் பதலைப் பறை தொங்குகிறது, இன்னொரு பக்கம் சின்ன முழவு. அவளுக்குச் சோறு வாங்குகிற ஏனத்தின் பேர் மண்டை. அது கவிழ்ந்து கிடக்கிறது. இதை நிமிர்த்தி நிறைக்க யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்பதாகப் பாட்டு. ஔவை, அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போ என்று வழிகாட்டுகிறார். நிமிர்த்துவது என்பதற்கு ஔவை அங்கே போடுகிற வினை மலர்த்துவது. பூவுக்குச் சொல்கிற அதே சொல். சங்கப் பாட்டுகளில் அரசர்களின் யானையும் தேரும் எத்தனையோ முறை வருகின்றன. எனக்கு அவற்றையெல்லாம் விட அந்தக் கவிழ்ந்த மண்டைதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு ராஜாவை அளக்க அவள் கையில் இருந்த படி அது ஒன்றுதான்.

அந்தக் காலத்துக் கும்பா எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் வைகை போகிற போக்கிலேயே போனால் போதும். எங்கள் வருசநாட்டு மலையில் பிறந்து, முல்லையாற்றையும் சேர்த்துக்கொண்டு, மதுரையைத் தாண்டிப் போகிற வைகையின் கரையோரத்தில்தான் கீழடி இருக்கிறது. 2015இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்தது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். போனால் நகைகளையும் சுடுமண் பொம்மைகளையும் பார்த்துவிட்டு ஓடி வராதீர்கள். கருப்பு சிவப்புக் கிண்ணங்கள் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, வாய் விளிம்பு கருப்பு. இரண்டு சாயம் பூசிய வேலை கிடையாது. வனைந்து காய்ந்த கிண்ணத்தைச் சூளையில் கவிழ்த்து அடுக்குவார்கள். உள்பக்கம் உமியோ வைக்கோலோ தழையோ இருக்கும். தீ மூட்டினால் கவிழ்ந்த வாய்க்குள் காற்றுப் போகாது. உள்ளே இருக்கிற தழை புகைந்து கரி ஏறி மண் கருத்துவிடும். வெளிப்பக்கம் காற்றோடு வேகிறது, மண்ணில் உள்ள இரும்பு சிவந்துவிடும். ஒரே தீ, ஒரே மண், இரண்டு நிறம். கவிழ்த்து வைத்ததால் வந்த அழகு அது. தென்னிந்தியாவில் நூற்றாண்டுக் கணக்காக மக்கள் இப்படிச் சுட்ட ஏனத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த ஏனங்களில் பெயர் கீறியிருக்கிறார்கள். ஆதன், குவிரன் ஆதன் என்று தமிழி எழுத்தில். பெரும்பாலும் சூளையிலிருந்து எடுத்த பிறகு, கூரான எதையோ வைத்துக் கீறியது. வாங்கிய ஆள் தன் ஏனம் தன்னுடையது என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரண்மனையில் மட்டும் இல்லை என்பதற்கு ஆய்வாளர்கள் இதைச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பாத்திரக் கடையில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர்தான். ஒரு டம்ளர் வாங்கினாலும் "என்ன பேரு போடணும், எந்த ஊரு, என்ன தேதி?" என்று கேட்டு மெஷினை நறநறவென்று ஓட்டுவாரே, அவர். மொய்யோடு கொடுக்கிற குடத்தில் கொடுத்தவர் பேர் இருக்கும், சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பேர் இருக்கும். பத்து வீட்டு விசேஷத்தில் ஏனங்கள் கலந்துபோனாலும் பேரைப் பார்த்து வீடு திரும்பிவிடும். ஆதனும் அப்படி ஒரு விருந்துக்குத் தன் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

செத்தவர்களுக்கும் கிண்ணம் கொடுத்தார்கள். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை, தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர், சிவகளை எல்லாமே தாழிக் காடுகள். எலும்பை வைத்த முதுமக்கள் தாழிக்கு உள்ளேயும் பக்கத்திலேயும் சின்னச் சின்ன ஏனங்கள் இருக்கும். சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். போகிற இடத்திலும் பசிக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நம் வாய்க்கரிசியில் இருப்பதும் அதே நினைப்புதான்.

ஆனால் தமிழில் கிண்ணம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது அமுதசுரபிதான். மணிமேகலை கதையில் பாத்திரத்தைக் கையில் ஏந்துகிறவள் மணிமேகலை என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு முன்னால் அதை வைத்திருந்த ஆபுத்திரன் கதையை யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. ஏனென்றால் காவியத்தின் உயிர் அவனிடம்தான் இருக்கிறது.

பெற்றவள் போட்டுவிட்டுப் போன குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காப்பாற்றியதால் ஆபுத்திரன். ஒரு அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்வியில் வெட்டக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதால் ஊர் அவனைத் துரத்தியது. மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயிலில் தங்குகிறான். கையில் ஒரு ஓடு. பெரிய வீடுகள் இருக்கிற தெருவில் பிச்சை எடுக்கிறான். எடுத்ததைத் தான் தின்னவில்லை. கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் இல்லாதவர், யாரும் இல்லாதவர் என்று கூப்பிட்டு உட்கார வைத்துக் கொடுக்கிறான். மிச்சம் இருந்தால் தான் சாப்பிட்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான். ஒரு மழை இருட்டில் சிலர் பசி என்று வந்து எழுப்புகிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அவன் துடிப்பதைப் பார்த்துச் சிந்தாதேவி தன் கையில் இருந்த பாத்திரத்தைத் தருகிறாள். நாடே வறண்டாலும் இது வற்றாது, வாங்குகிற கை ஓயுமே தவிர இது ஓயாது என்று.

இதற்குப் பிறகு வருவதுதான் பெரிய இடம். இந்திரன் வந்து உனக்கு என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறான். ஆபுத்திரன் சிரிக்கிறான். உன் ஊரில் கொடுக்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை, அங்கே எனக்கு என்ன வேலை என்கிறான். கோபப்பட்ட இந்திரன் பஞ்சத்தை அனுப்பவில்லை, மழையை அனுப்புகிறான். பன்னிரண்டு வருஷம் காய்ந்து கிடந்த பாண்டிய நாடு விளைகிறது. பசித்தவர் ஒருவரும் வரவில்லை. வற்றாத பாத்திரம் கையில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. பாத்திரத்தில் கை விட்டால் சோறு வரும். தனக்கு மட்டும் என்று அதில் எடுத்துத் தின்ன அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை இறக்கிவிட்டு, பட்டினி கிடந்து உயிரை விடுகிறான்.

அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பற்றி உலகத்தில் நிறையக் கதைகள் உண்டு. அதை வைத்திருந்தவனே பசியில் செத்துப்போன கதையை மணிமேகலை பாடிய சாத்தனார்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவு என்று பலர் சொல்கிறார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் வைகாசிப் பௌர்ணமியில் பொய்கைக்கு மேலே வருகிற பாத்திரம் மணிமேகலை கைக்கு வருகிறது. ஆதிரை முதல் பிச்சை போடுகிறாள். யானைத்தீ என்கிற தீராப் பசியால் வாடிய காயசண்டிகைக்குப் பசி தீர்கிறது. சிறைச்சாலை அறக்கோட்டமாக மாறுகிறது. மணிமேகலைக்குத் தாய் முறையாகும் கண்ணகிக்குக் கூடலூருக்கு மேலே மலை உச்சியில் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று பளியங்குடி வழியாக எங்கள் பக்கத்து ஜனம் நடந்தே ஏறும். அன்று மலையேறுகிற கூட்டத்தில் சோறு கட்டிக்கொண்டு வந்து முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆபுத்திரன் நினைப்பு வரும்.

கையேந்துகிற பாத்திரம் சாமியையும் விடவில்லை. பிரம்மாவின் தலையைக் கிள்ளிய பாவத்தால் கபாலம் கையில் ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிச்சைக்குப் போன சிவனைச் சோழர்கள் வெண்கலத்தில் அத்தனை அழகாக வார்த்தார்கள். கபாலம் கையை விட்டுக் கழன்ற இடம் என்று தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருக்கண்டியூரைச் சொல்வார்கள். திருவிடைமருதூரில் பட்டினத்தார், வாசலில் ஒரு ஓட்டையும் ஒரு நாயையும் வைத்திருந்த சீடர் பத்திரகிரியாரைக் குடும்பஸ்தன் என்று சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. ஓடு ஒன்று இருந்தாலும் சொத்துதான் என்பது அவர் கணக்கு. சாமியார்கள் ஏந்துகிற கருப்பான பெரிய திருவோடு செய்கிற கடல் தேங்காய் விளைவது தூரத்துச் செஷல்ஸ் தீவுகளில். பாரசீகத்துப் பக்கீர்களும் இதே ஓட்டைத்தான் கஷ்கூல் என்று தோளில் மாட்டினார்கள். புத்தரின் பிச்சைப் பாத்திரம் என்று நம்பி வணங்கப்பட்ட பெரிய கல் பாத்திரம் காபூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் அதில் குரான் வாசகங்களைப் பொறித்திருக்கிறார்கள். மதம் மாறினாலும் பாத்திரத்தின் மேல் இருந்த மரியாதை போகவில்லை.

இனி எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். மேற்கே ஏலமலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலை. மூன்று பக்கம் மலை சூழ்ந்து வடகிழக்கே மட்டும் வாய் திறந்த பெரிய தாழ்வு இது. இப்போது பச்சைப் பசேலென்று நெல்லும் திராட்சையும் வாழையும் தென்னையும் பார்க்கிறவர்களுக்கு, இது மழை மறைவுப் பூமி என்பது தெரியாது. தென்மேற்குப் பருவ மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது சாரலும் காற்றும்தான். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை சுருண்டது. அரசாங்கம் கஞ்சித் தொட்டிகள் திறந்தது. அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். வெயிலில் கல் உடைக்கிறவனுக்கு அரைக் கிலோ கூட இல்லாத தானியம். கும்பாவில் எவ்வளவு விழ வேண்டும் என்று முடிவு செய்கிறவர் கும்பாவைத் தொட்டுப் பார்க்காதவராக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தச் சாவுகள் எல்லாம் நம் பாட்டன் பூட்டன் வீட்டில் நடந்தவை.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாறு அணைத் திட்டம் வேகம் பிடித்தது. 1887இல் வேலை ஆரம்பித்து, 1895 அக்டோபரில் திறந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அணை. மேற்கே ஓடிக் கடலில் சேர்கிற தண்ணீரைத் தடுத்து, மலைக்கு நடுவே ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம் குடைந்து, கிழக்கே இறக்கிவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால்தான். அணையைக் கட்டிய இன்ஜினியர் ஜான் பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 பெரும்பாலும் பொங்கல் அன்றே வரும். எங்கள் ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள், பிள்ளைகளுக்கு அவர் பேரையே வைத்தவர்களும் உண்டு. வெள்ளைக்காரனுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கவிழ்ந்து கிடந்த ஒரு சீமையின் மண்டையை நிமிர்த்தியவருக்கு விறலி எந்த ஊர்க்காரர் என்றா கேட்பாள்?

பொட்டிப்புரம் பக்கம் கம்பத்து ஆற்றுப் பாசனம் மாதிரிச் செழிப்பு கிடையாது. மலையடிவாரத்து மானாவாரி. சோளம், கம்பு, கடலை, மொச்சை, ஆடு மாடு. இந்த ஊரின் பேர் உலகத்துக்குத் தெரிந்தது நியூட்ரினோ ஆய்வகத்தால். ஊருக்கு மேற்கே இருக்கிற அம்பரப்பர் மலைக்கு அடியில் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி, நியூட்ரினோ என்கிற நுண்துகளைப் பிடித்துப் படிப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

ஏன் இந்த மலை? வானத்திலிருந்து வந்து விழுந்துகொண்டே இருக்கிற காஸ்மிக் கதிர்த் துகள்களைத் தடுக்க, கருவிக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். நியூட்ரினோ மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் ஊடுருவி வரும், மற்றவை வடிகட்டப்பட வேண்டும். ஒரே கல்லாக இறுகிய சார்னோகைட் மலை அதற்குத் தோது. விஞ்ஞானிகள் கேட்டது கவிழ்த்து மூடிய ஒரு கல் கும்பாவை. இந்த விஞ்ஞானம் நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1965இலேயே கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. அதில் எனக்கு நிஜமான பெருமை உண்டு.

ஆனால் மலைக்கு அடியில் இருக்கிறவர்களுக்கு அது வேறு. பொட்டிப்புரம், ராமகிருஷ்ணாபுரம், குப்பனாசாரிபட்டி ஜனங்களுக்கு அந்த மலை மேய்ச்சல், அம்பரப்பர் சாமி, கிணற்று ஊற்று. வெடி வைத்தால் ஊற்று என்ன ஆகும், ஆடு எங்கே மேயும் என்று கேட்டார்கள். பக்கத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, புலி நடமாடும் மலைத்தொடர். வழக்குகள் நடந்தன. 2022இல் தமிழ்நாடு அரசே இந்த இடம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தண்ணீரை நினைத்துப் பயந்தவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று நகரத்தில் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். மனசு வலித்தது. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீரில் பிழைக்கிற பள்ளத்தாக்கு இது. இந்தச் சனத்துக்கு மலையைக் குடைவதன் மேல் பகை கிடையாது. குடைந்தால் தன் கும்பாவில் என்ன விழும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சில் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வீரபாண்டியைச் சொல்லாமல் தேனிக்காரர் பாத்திரத்தைப் பற்றி எழுத முடியாது. சித்திரையில் கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள். முல்லையாற்றில் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு, வேப்பிலையை அணை கொடுத்துத் தீச்சட்டியைக் கையில் ஏந்தி வருவார்கள். சோறு வாங்குகிற அதே வடிவத்தில் நெருப்பு. அம்மை போட்டவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேர்ந்துகொண்டவர்கள், பெண்கள், வயசாளிகள் என்று விடிய விடிய வரிசை நிற்கும். இன்னொன்று ஆயிரங்கண் பானை. உடம்பெல்லாம் துளை போட்ட மண் பானை, உள்ளே விளக்கு. கண் தெரியாமல் போன பாண்டிய ராஜா வீரபாண்டியன் இந்த அம்மனைக் கும்பிட்டுப் பார்வை பெற்றான் என்பது தலக் கதை. கண் நோய்க்கு நேர்ந்துகொண்டவர்கள் இந்தப் பானையைச் சுமப்பார்கள். வேறெந்தப் பானையிலும் ஒரு துளை விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தப் பானைக்குத் துளைதான் பெருமை.

இத்தனையும் சொல்லிவிட்டுச் சிரட்டையை மறைத்தால் நான் எழுதியது பொய்யாகிவிடும். தென்மாவட்டத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டையில் டீ ஊற்றினார்கள். பிறகு தனிக் குவளை வைத்தார்கள். அவரவர் குவளையை அவரவரே கழுவி, கூரையில் சொருகிவிட்டுப் போக வேண்டும். இரட்டைக் குவளை என்று பேரே வந்துவிட்டது. பொது ஓட்டலில் உள்ள பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பாத்திரத்தைக் குறிப்பிட்டே சொல்கிறது. ஒரு குடியரசு உட்கார்ந்து டம்ளருக்குச் சட்டம் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் பல ஊர்களில் அது ஒழியப் பல பத்தாண்டுகள் ஆயின. சில இடத்தில் பேப்பர் கப் வந்ததால்தான் ஒழிந்தது. அதை மனமாற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இதற்கு எதிராகத் தமிழ்நாடு செய்த பெரிய காரியம் பள்ளிக்கூடத் தட்டு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் நீதிக்கட்சிக் காலத்தில் உணவு போட ஆரம்பித்தார்கள். 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 1984இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரை எங்கள் ஆண்டிபட்டிக்காரர்கள் ஜெயிக்க வைத்ததற்குப் பின்னால் அந்தத் தட்டும் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து, ஒரே மாதிரித் தட்டில். இதை வெறும் ஊட்டச்சத்துக் கணக்காகப் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் தகராறு செய்தார்களே, அவர்களுக்கு அந்தத் தட்டு என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மற்ற ஊர்களில் இதன் அருமை எப்படியோ, எங்கள் மலையடிவாரத்தில் வேறு மாதிரி. தேவாரம், போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, மலை ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு தூக்குவாளி. இருட்டில் எழுந்து ஆக்கி, தனக்குத் தூக்கில் கட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளைக்குக் கும்பாவில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை எழுந்து அதைச் சாப்பிட்டதா, ஆறிப்போனது என்று தள்ளிவிட்டுப் போனதா என்று சாயந்தரம் வந்துதான் தெரியும்.

போன முறை பொட்டிப்புரம் போயிருந்தபோது அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ரெண்டுக்கும் சேத்து ஆக்கி வச்சுட்டுப் போகணும்ண்ணே. இப்ப எனக்கு மட்டும் தூக்குல கட்டிக்கிட்டுப் போறேன். புள்ளைக பள்ளிக்கூடத்துலயே சாப்ட்டுக்கிருதுக. உப்புமாவும் பொங்கலும் போடுறாகளாம். சின்னவனுக்கு உப்புமான்னா ஆகாது. அன்னைக்கு மட்டும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு வருவான்."

"சாப்பிடாம வந்துருவானா?"

"எங்க? டீச்சரு விடுமா? எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் எங்கிட்ட வந்து பிராது சொல்லுவான்."